தறப்பாளில் நான் அழித்த ஒட்டு

போன மாதம் சபானா என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாரோ ஓர் ஓவியர் தன் ஓவியத்தைத் தானே போனில் எடுத்துக் கண்காட்சிக் கையேட்டுக்கென்று கொடுத்திருக்கிறார். போன் அந்த ஓவியத்திலிருந்த தூரிகைத் தடங்களையெல்லாம் தானாகவே மழுக்கிவிட்டிருந்தது. புதிதாகப் பூசிய சுவர்போல வழுவழுவென்று இருந்தது படம்.

"அன்ரி, அவர் சொல்லாமலே போன் துடைச்சிருக்கு. அவருக்கு அது தெரியவும் இல்ல. 'வடிவா இருக்கு, இதையே போடுங்க' எண்டு சொல்றார். நான் என்ன செய்ய? உங்கட காலத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருந்தாள்.

பதிலைப் போனிலேயே சொல்லத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் ஆகியும் கதை முடியவில்லை. "இத எழுதித் தாங்க அன்ரி, இங்க வேலை செய்ற புள்ளையளுக்கும் வாசிக்கக் குடுக்கலாம்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில், துறைமுகப் பக்கமாக இறங்குகிற ஒரு தெருவில் இருக்கிற ஸ்ரூடியோ ஒன்றில் முப்பத்து நாலு வருடம் வேலை செய்தவள் நான். பெயர் பத்மாவதி. எல்லாருக்கும் பத்மாக்கா. அந்த ஸ்ரூடியோவைத் தொடங்கியவர் ஹனீபா நானா. கிண்ணியாக்காரர். இப்போது அதை நடத்துகிற சபானா அவருடைய கடைசி மகள்.

பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இருபது வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டைக் காலம். அடையாள அட்டைக்கும், ஊர்விட்டு ஊர் போக எடுக்கவேண்டிய பாஸுக்கும் ஊர்ச்சனம் முழுவதும் வந்து கதிரையில் இருந்து நாடியை நிமிர்த்திவிட்டுப் போனது. கல்யாண வீட்டுப் படங்களும் உண்டு. படச்சுருளைக் கண்ணாடி மேசையில் வைத்து, கூராக்கிய பென்சிலால் முகத்திலுள்ள பருவை, தழும்பை, அம்மைப் புள்ளியை மறைப்பதுதான் என் வேலை. நன்றாகவே செய்தேன். "பத்மாட கைபட்டாப் பொம்புளை வடிவாகிடும்" என்று சனம் சொல்லும். பிறகு பென்சில் போய்க் கணினி வந்தது. கையிலிருந்த பழக்கம் மட்டும் போகவில்லை.

சண்டை முடிந்த பிறகுதான் ஓவியர்கள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். கலைப்பீடத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பார். இன்னொருவர் கல்யாண மேடை சோடிப்பார். வேறொருவர் கொழும்பில் மற்றவர்களுடைய கண்காட்சிக்குச் சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டுவார். சொந்த ஓவியத்துக்குக் கிடைப்பது சனி, ஞாயிறும் பள்ளிக்கூட விடுமுறையும்தான். வரைந்ததைக் காயவிட வீட்டில் இடமில்லை. மாரி காலத்தில் தாய் தகப்பன் படுக்கிற அறையில் கட்டிலைத் தள்ளிவிட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள். அதைப் பழைய பெட்சீற்றால் சுற்றி, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ மடியில் ஏந்திக்கொண்டு எங்களிடம் வருவார்கள்.

ஏன் வருகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு பிள்ளைதான் சொன்னாள்: "அக்கா, கொழும்பிலயும் வெளிநாட்டிலயும் எங்களைத் தெரிவு செய்யிற ஆக்கள் ஓவியத்தைப் பாக்க மாட்டினம். நீங்கள் எடுக்கிற படத்தைத்தான் பாப்பினம். அதில பிழை வந்தால் நாங்களே பிழை விட்ட மாதிரித்தான்." அன்றைக்குக் கமெராவின் கண்ணை மூன்று தரம் துடைத்தேன்.

ஓவியத்தைப் படமெடுப்பது எப்படியென்று ஹனீபா நானா எங்கே கற்றாரோ தெரியாது. அவர் செய்யும் முறை இதுதான். ஓவியத்தைச் சுவரோடு நிறுத்துவார். இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு, ஒரே தூரத்தில், சரிவாக. ஒளிமானியைப் பிடித்து நாலு மூலையிலும் நடுவிலும் அளப்பார். ஐந்து இடத்திலும் ஒரே அளவு வரும்வரை விளக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். பிறகு ஓவியத்தின் நடுப்பகுதியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கமெராவுக்குள்ளால் பார்ப்பார். கண்ணாடியின் மத்தியில் கமெராவின் கண் தெரிந்தால் ஓவியமும் கமெராவும் நேருக்கு நேர் நிற்கின்றன என்று அர்த்தம். கடைசியில் நிறக் கட்டங்கள் உள்ள அட்டையொன்றை ஓவியத்தின் ஓரத்தில் வைத்து ஒரு படம், அட்டையை அகற்றிவிட்டு ஒரு படம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுச் சிவப்புச் சேலையோடு நேராக வேலைக்கு வந்துவிட்டேன். நானா வாசலிலேயே மறித்தார்.

"புள்ள, இந்தச் சேலையோட உள்ள வந்தா ஓவியத்துல உங்கட சிவப்பு விழும். ஓவியர் அதுக்குச் சிவப்புப் பூசல்லையே?"

அதற்குப் பிறகு படமெடுக்கும் நாளெல்லாம் கறுப்போ சாம்பலோதான் உடுத்தினேன். அயலில் ஒரு மனிசி, "ஆர் பிள்ளை செத்தது?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா.

நானா ஏசுவதை நான் கேட்டதில்லை. நான் எடுத்த படத்தை அச்சிட்டதும் அதை ஓவியத்துக்குப் பக்கத்தில், வாசலில் பகல் வெளிச்சத்தில் வைப்பார். வைத்துவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி குடிப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அந்தத் தேத்தண்ணி முடியுமுன் நான் பிழையைக் கண்டுபிடித்தால் கோப்பையைக் கழுவ உள்ளே போய்விடுவார். கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு கோப்பை போடுவார். ஒருநாள் நாலு கோப்பை குடித்தார். நான் அழுதுவிட்டேன். பச்சையில் மஞ்சள் ஒரு சொட்டுக் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

இப்படி ஒருவரிடம் வேலை பழகியும் நான் அந்தப் பிழையைச் செய்தேன். அதைத்தான் சபானாவுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

சுகிர்தன் இறக்கக்கண்டிப் பெடியன். மீன்பிடிக் குடும்பம். தகப்பன் இல்லை. இடம்பெயர்ந்து போய் தாயும் மகனும் ஏழு வருடம், கூரைக்குத் தார்ப்பாய் கட்டிய தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்கள். ஊருக்குத் திரும்பி வரும்போது எல்லாரும் எறிந்துவிட்டு வந்த தறப்பாள்களைச் சுகிர்தன் மடித்துக் கொண்டுவந்திருந்தான். பிறகு கலைப்பீடத்தில் படித்தான். படித்து முடித்ததும் அந்தத் தறப்பாள்களிலேயே வரையத் தொடங்கினான். வள்ளத்துக்குப் பூசுகிற தாரையும் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலையும் குழைத்துப் பூசுவான். தூரத்தில் நின்று பார்த்தால் இருண்ட கடல்போல இருக்கும். கிட்டப்போனால் மணல் மினுங்கும்.

அவனுடைய முதல் தனிக்கண்காட்சி துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய களஞ்சியத்தில் ஒழுங்காகியிருந்தது. கலைப்பீடத்தில் அவனுக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர்தான் எல்லாவற்றையும் ஓடியோடிச் செய்தார். கையேடு ஒன்றும் அச்சிடுவதாக முடிவு. அதன் முன் அட்டைக்கு, இருப்பதில் மிகப் பெரிய தறப்பாள்.

எங்கள் ஸ்ரூடியோவுக்குள் அது கொள்ளாது. விளக்குகளைக் களஞ்சியத்துக்கே கொண்டுபோனோம். விளக்கைப் போட்டதும் மணலெல்லாம் நட்சத்திரம்போலப் பளபளத்துக் கமெராவைக் குருடாக்கியது. நானா ஒரு நாள் முழுவதும் மினைக்கெட்டார். விளக்குகளுக்கு முன்னால் ஒளியை வடிக்கிற தாளைக் கட்டி, கமெராவின் கண்ணுக்கும் அதேமாதிரி ஒன்றைப் போட்டு, அதை மெல்ல மெல்லத் திருப்பினார். ஓர் இடத்தில் பளபளப்பு அடங்கி, மணல் மணலாகத் தெரிந்தது. சுகிர்தன் கையைத் தட்டினான்.

அடுத்த நாள் நானாவின் மூத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு. அவர் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். சுகிர்தனும் கொழும்புக்கு, வேறு யாருடையவோ கண்காட்சிக்கு ஆணி அடிக்கப் போய்விட்டான். போகும்போது, "அக்கா, அச்சகத்துக்கு நீங்களே பாத்து அனுப்புங்கோ. உங்களிலை எனக்கு நம்பிக்கை" என்றான்.

கணினியில் படத்தைத் திறந்து பார்த்தேன். இருண்ட கடல் அற்புதமாக வந்திருந்தது. இடப்பக்கம் கீழே மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு. தறப்பாள் கிழிந்த இடத்தில் யாரோ உரப்பைத் துண்டொன்றை வைத்து வலைநூலால் தைத்திருந்தார்கள். சுகிர்தன் அதன்மேல் தார் பூசாமல் விட்டிருந்தான். 'பாவம், நல்ல தறப்பாள் கிடைக்கவில்லை' என்று நினைத்தேன். இதை ஒளித்துச் சொல்ல மாட்டேன். அது ஒட்டுத்தான் என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் பட்ட இடமென்று ஏமாந்து போகவில்லை. பொம்பிளையின் முகத்தில் பருவைப் பார்த்ததுபோல அதைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த கடலை எடுத்து எடுத்து அதன்மேல் வைத்தேன். பின்னேரம் முழுவதும் போனது. முடிந்தபோது அங்கே ஒட்டு இருந்ததென்று கடவுள் வந்தாலும் சொல்லமுடியாது. எனக்குள் பெருமையாகவும் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

கண்காட்சி நாள் காலையில்தான் கையேடுகள் பெட்டியாக வந்து இறங்கின. திறப்பு விழா பின்னேரம் நாலு மணிக்கு. களஞ்சியத்தில் நாங்கள் ஐந்து பேர்தான் நின்றோம். சுகிர்தன், ஆசிரியை, ஹனீபா நானா, நான், முதல் பஸ்ஸில் இறக்கக்கண்டியிலிருந்து வந்திருந்த சுகிர்தனின் அம்மா. அம்மாவைக் கதிரையில் இருத்தி, மடியில் ஒரு கையேட்டை வைத்தான் சுகிர்தன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். இடப்பக்கம் கீழே தடவினார். திரும்பவும் தடவினார்.

"மகன், இது எங்கட தறப்பாள்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ர ஒட்டு எங்க?"

சுகிர்தன் குனிந்து பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். சுவரில் தறப்பாள் தொங்கியது. வெள்ளை ஒட்டு அங்கே கண்ணைக் குத்தினாற்போல இருந்தது. அட்டையில் கடல் மட்டும்தான்.

ஆசிரியை பெட்டியைக் கிழித்து இன்னும் நாலைந்து கையேடுகளைப் பார்த்தார். எல்லாம் ஒன்றுதான். உடனே அச்சகத்துக்குப் போன் எடுத்து ஏசத் தொடங்கினார். "உங்களை ஆர் படத்தில கைவைக்கச் சொன்னது?" மற்றப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர், "மிஸ், எங்களுக்கு வந்ததைத்தான் அடிச்சம், சத்தியமா" என்று கெஞ்சுவது எனக்குக் கேட்டது.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். அந்த மனிதரை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. ஹனீபா நானா ஒருமுறை என்னைப் பார்த்தார். அவருக்குக் கண்டவுடனேயே விளங்கியிருக்கும், அது யாருடைய கைவேலை என்று. ஆனால் அவர் சொல்லவில்லை. பார்வையை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் பார்த்தார்.

"மிஸ், அவரை ஏசாதேங்கோ. நான்தான் அழிச்சனான்."

ஆசிரியை போனைக் காதிலிருந்து எடுத்தார். சுகிர்தன் என் முகத்தையே பார்த்தான்.

"ஏன் அக்கா?"

"வடிவா இருக்கட்டும் எண்டு…"

"வடிவா?" அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஏழு வருசம் நான் அந்த ஒட்டுக்குக் கீழதான் படுத்தனான் அக்கா. கண் முழிச்சால் முதல்ல தெரியிறது அதுதான். எங்களைப் பாக்க வந்த ஆக்கள் எல்லாரும் படமெடுத்தவை. ஒருத்தர் அழுகிற முகமாப் பாத்து எடுப்பார், இன்னொருத்தர் சிரிக்கச் சொல்லி எடுப்பார். தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு போயிடுவினம். நானாவது உள்ளதை உள்ளபடி வைப்பம் எண்டு இருந்தனான். அதையும் நீங்கள்…"

முடிக்கவில்லை. "இந்தப் புத்தகத்தை வெளியால விடேலாது மிஸ்" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வெளியே போய், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் வேலை அன்றோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வேலை போவதைவிட, இனி ஓவியர் ஒருவர் தன் ஓவியத்தை என்னை நம்பிச் சுவரில் நிறுத்துவாரா என்பதுதான் என் பயம்.

சுகிர்தனின் அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நீங்களோ மகள் அழிச்சது?"

"ஓம் அம்மா."

அவர் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஒரு அடையாளமும் இல்லையே! நல்ல கைவேலை." அவர் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. தையல் தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியின் வேலையைப் பார்த்துச் சொன்னமாதிரித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் அழுறீங்கள்? இங்க பசை இருக்கே?"

"பசையா அம்மா?"

"ஓம். ஒட்டு இல்லையெண்டால் ஒட்டத்தானே வேணும். அதுக்கேன் இவ்வளவு கதை?"

ஆசிரியைக்கு விளங்கவில்லை. ஹனீபா நானாவுக்கு விளங்கிவிட்டது. "உம்மா சொல்றது சரி" என்று கிட்ட வந்தார். "புள்ள, ஒட்டை மட்டும் தனியாப் படமெடுங்க. அட்டையில இருக்கிற அளவுக்குச் சின்னதாக்கி அச்சடிப்பம். வெட்டி ஒவ்வொண்டுலயும் அதே இடத்துல ஒட்டுவம். நாலு மணிக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் இருக்கு."

ஸ்ரூடியோவிலிருந்து விளக்குகளையும் கமெராவையும் கொண்டுவந்து பூட்டினேன். இந்தமுறை அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். படமெடுக்குமுன் கேட்டேன், இதை எப்படித் தைத்தீர்கள் என்று. அவர் விரலை வைத்து வைத்துக் காட்டினார். உரப்பை கிளிவெட்டிப் பக்கம் வயல் வேலைக்குப் போன இடத்தில் கேட்டு வாங்கியது. நூல் புருசனுடைய வலையிலிருந்து உருவியது. மழையோடு தைத்தபடியால் ஊசி வழுக்கியது. மேல்மூலையில் தையல் கோணலாகப் போயிருந்தது.

"காத்து இழுத்ததில அப்படிப் போனது. அதை நேராக்கிப் போடாதேங்கோ மகள்."

"இல்லை அம்மா. தொடமாட்டன்."

நானா ஓட்டோவில் ஸ்ரூடியோவுக்குப் பறந்து போய் அச்சடித்துக்கொண்டு வந்தார். தீப்பெட்டியில் பாதி அளவு ஒட்டுகள், தாள் தாளாக. நான் கூரான அலகால் வெட்டினேன். அம்மா பசை பூசினார். நானா அட்டையில் இடம் பார்த்து ஒட்டினார். ஆசிரியை காயவைத்து அடுக்கினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சுகிர்தன் உள்ளே வந்தான். எனக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, இன்னொரு அலகை எடுத்து வெட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் வெட்டியதை நான் பார்த்தேன். கோணல் மூலையை அப்படியே கோணலாக, ஒரு மயிரிழை தவறாமல் வெட்டிக்கொண்டிருந்தான். நானும் அப்படியே வெட்டினேன்.

"அக்கா, சாப்பிட்டனீங்களே?" என்று இரண்டு மணிபோலக் கேட்டான். இல்லையென்றேன். அம்மா கொண்டுவந்த புட்டுப் பொதியை அவிழ்த்து என் பக்கம் தள்ளினான். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு மணிக்குச் சனம் வந்தபோது சில அட்டைகளில் பசை ஈரமாகவே இருந்தது. வந்தவர்கள் கையேட்டை வாங்கியதும் தங்களை அறியாமல் அந்த ஒட்டை விரலால் தடவினார்கள். தடவிவிட்டுத்தான் சுவரிலிருந்த தறப்பாளைத் தேடிப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் சுகிர்தனின் கையைப் பிடித்து, "அட்டையில ஒட்டை ஒட்டினீங்களே, என்ன அருமையான யோசனை!" என்று பாராட்டினார். ஓம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சுகிர்தன் என்னைத் தேடிப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இது என்ர யோசனை இல்லை சேர். படத்தில இவ அழிச்சவ. எங்கட அம்மா ஒட்டச் சொன்னவ."

எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. பெரியவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சுகிர்தனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பிப் போகும்போது ஓட்டோவில் ஹனீபா நானா சொன்னார்: "அச்சுக்குப் போகமுந்தி நான் பாத்திருக்கணும். மகள்ட பேறு எண்டு விட்டுட்டன். இதுல பாதிப் பிழை என்ட."

"இல்லை நானா, முழுதும் என்ர."

"சரி, அப்ப நாளையிலேருந்து ஒரு கொப்பி வைங்க. கமெராவத் தொடமுந்தி ஓவியர்ட்டக் கேளுங்க. கேட்டத எழுதுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த காலத்தில் அந்த விசயத்தை ஒருநாளும் எடுக்கவில்லை.

கொப்பி வைத்தேன். ஓவியத்தைச் சுவரில் நிறுத்தியதும் ஓவியரைப் பக்கத்தில் இருத்தி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகக் கேட்பேன். இந்தக் கீறல் நீங்கள் கீறியதா? இந்த எண்ணெய்க் கறை இருக்கவேண்டுமா? ஓரம் பிசிறியிருக்கிறதே, அது வேலையா, வேலை முடியாததா? முதலில் சிலருக்கு எரிச்சல் வந்தது. பிறகு அவர்களே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்கள். தன் ஓவியத்தை ஒருவர் இவ்வளவு கிட்ட நின்று பார்த்து இதுவரை கேட்டதில்லை என்று ஒரு பிள்ளை சொன்னது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் வடிவாக இருக்கிறது என்றுவிட்டுத் தேத்தண்ணிப் பக்கம் போய்விடுவார்களாம். இன்னொருவர் என் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "அக்கா, இது இன்னும் முடியேல்லை" என்று ஓவியத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆறு மாதம் கழித்துத்தான் வந்தார். சபானாவுக்கும் இதைத்தான் சொல்வேன்: ஓவியத்தையும் போன் படத்தையும் பக்கத்தில் வைத்து, அந்த ஓவியரை முன்னால் இருத்திக் கேள்.

கிளிவெட்டி தர்சினி பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். நெல்லுமியைக் கரியாக்கி அந்தக் கரியால் வரைகிறவள். அவளுடைய படமொன்றில் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு.

"தர்சினி, இந்த எறும்பு இருக்கட்டுமா?"

அவளும் பார்த்தாள். "அக்கா, அது என்ர எறும்பு இல்லை. உங்கட மேசையில சீனி கொட்டிக் கிடக்கு."

எறும்பு அந்த நேரம் பார்த்து நடக்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

இந்த ஓவியர்களுக்கு நான் நன்றி சொல்லியதில்லை. நான் அவர்களுக்கு வேலை செய்தவள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் என் கண்ணைத் திறந்தவர்கள் அவர்கள்தான். படிப்பு எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. கடலைக் கறுப்பாகப் பார்க்கலாம், கரியை வெளிச்சமாகப் பார்க்கலாம் என்று எனக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

வேலையை நான் விட்டதற்கும் கண்தான் காரணம். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில், கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது, சில வருடமாகவே இருந்திருக்கும் என்றார்கள். முதலில் ஒரு கண்ணை வெட்டிப் புரையை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்த அன்று, ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் மாறி மாறிச் சுவரைப் பார்த்தேன். வெட்டாத கண்ணுக்குச் சுவர் தேத்தண்ணிச் சாயம் பூசினமாதிரி மஞ்சள். வெட்டிய கண்ணுக்குப் பால் வெள்ளை. இத்தனை நாளும் இந்த மஞ்சள் கண்ணால்தானா நான் மற்றவர்களின் நிறத்தைச் சரிபார்த்தேன்?

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, கடைசி இரண்டு மூன்று வருடத்தில் நான் கணினியில் நிறம் சரிசெய்து அனுப்பிய படங்களின் மாதிரி அச்சுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கரிக் கறுப்பு இருக்கவேண்டிய இடங்களில் மெல்லிய நீலம் ஏறியிருந்தது. என் கண்ணுக்கு அப்போது நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. நிற அட்டையை வைத்து அளந்தாலும் கடைசியில் கண்ணை நம்பித்தானே முடிவு செய்வோம்.

யார் யாருடைய படங்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். முதல் பெயர் தர்சினி. போன் எடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"தர்சினி, கடைசியா உங்கட உமிப் படங்களை நான் பிழையா அனுப்பிப்போட்டன். கறுப்பு எல்லாம் நீலமாக் கிடக்கு. எனக்குக் கண் தெரியேல்லை. இப்பதான் தெரியும்."

"எங்களுக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"நீலம் ஏறுறது. மூண்டு வருசமாத் தெரியும். புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ, அதில நீலம் இராது. நாங்கள் அச்சகத்தில சொல்லித் திருத்திப்போட்டுத்தான் அடிப்பிச்சனாங்கள்."

கையேட்டை எடுத்து விரித்தேன். கறுப்பு, கரிக் கறுப்பாகவே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது.

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். சுகிர்தன் அண்ணாதான் முதல்ல கண்டுபிடிச்சவர்."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? வேற ஆக்களைப் பிடிச்சிருக்கலாம்தானே? சபானா நல்லா எடுப்பாள்."

"சொன்னால் நீங்கள் அண்டைக்கே வேலையை விட்டிருப்பீங்கள் எண்டு பயந்தனாங்கள். அது பிழைதான் அக்கா, சொல்லியிருக்கோணும். நீலத்தை அச்சகத்தில ஆரும் எடுக்கலாம். படத்துக்கு முன்னால எங்களை இருத்தி வைச்சு ஒவ்வொண்டாக் கேக்க வேற ஆர் இருக்கினம்? நீங்கள் கேக்கப் போறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் வரையிறனான்."

அவள் தொடர்ந்தாள்.

"இப்ப புதுசா ஒண்டு முடியிற கட்டம். சுவர் அளவு. எனக்குச் சரியா, பிழையா எண்டு தெரியேல்லை. கமெராவோட சபானா வரட்டும். நீங்கள் சும்மா வாங்கோ அக்கா, வந்து கேளுங்கோ. மற்றக் கண்ணை வெட்டினாப்பிறகு வந்தாலும் போதும்."

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றேன். பிறகு கேட்டேன்: "கிளிவெட்டிக்குக் காலமை முதல் பஸ் எத்தனை மணிக்கு?"